சும்மா இருந்து பிடித்த புகை

போன வாரம் இல்ஃபோர்டிலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். நல்ல கோபம். என் மேல் அல்ல – ஒரு டொக்டர் மேல்.

"என்ரை அம்மா விடாமல் இருமுறா எண்டு டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனன். அந்தாள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமோ? நீங்கள் சிகரெட் பத்துறனீங்களோ எண்டு. அம்மா அப்பிடியே எழும்பி வந்திட்டா. நீங்கள் இதைப் பற்றிக் கட்டாயம் எழுதவேணும்."

இதோ எழுதுகிறேன். ஆனால் அவர் நினைத்த மாதிரி அல்ல. ஏனென்றால், இதே கேள்வியை ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்மணியிடம் நேருக்கு நேராக, தெளிவான தமிழில் கேட்டவள் நான்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருப்பவர் பவளம் அக்கா. கணவர் நடராசா அண்ணை ஊரில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். இங்கே பெட்ரோல் ஸ்டேஷனில் கல்லாவில் இருக்கிறார். அக்கா தலையணையும் மெத்தையும் தைக்கிற ஒரு ஃபக்டரியில் வேலை. எண்பதுகளின் கடைசியில் வந்து சேர்ந்தவர்கள். பிள்ளைகள் இல்லை. சண்டை போடவும் சமாதானம் ஆகவும் இருவருக்கும் இருவர்தான்.

அக்காவுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் இருமல் வரும். மார்கழியில் தொடங்கினால் பங்குனியில்தான் போகும். காலையில் சளி. "லண்டன் குளிர்" என்று ஒரு பெயர் வைத்துவிட்டோம். பெயர் வைத்துவிட்டால் வியாதிக்கு வீட்டில் ஒரு இடம் கொடுத்த மாதிரி… பிறகு அது பாட்டுக்கு இருக்கும்.

அவரிடம் இன்னொரு புதுப் பழக்கமும் வந்திருந்தது. ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நடந்து போகும்போது ஒவ்வொரு நகைக்கடை வாசலிலும் நிற்பார். கண்ணாடிக்குள்ளே பார்ப்பார். அடுத்தது புடவைக்கடை. அங்கேயும் நிற்பார். நடராசா அண்ணை மரக்கறிப் பைகளுடன் பின்னால் நின்று அலுத்துக்கொள்வார்.

"இந்த வயதிலை இவவுக்கு நகை ஆசை வந்திட்டுது, தங்கச்சி. நான் என்ன செய்ய?"

அக்கா சிரிப்பார்.

போன வருடம் குளிர் தொடங்கியதும் இருமலோடு மூச்சிரைப்பும் சேர்ந்தது. அக்காவின் டொக்டர் நெஞ்சு நோய்க்கான கிளினிக்குக்கு அனுப்பினார். அக்காவுக்கு இங்கிலீஷ் வராது. அண்ணைக்கு வரும், ஆனால் ஆஸ்பத்திரி இங்கிலீஷ் வராது என்று அவரே சொல்லிவிட்டார். ஆகவே அவர்களோடு நானும் போனேன். வாரம் ஒரு நாள் பத்தி எழுதுகிறேன். மற்ற நாட்களில் எங்கள் தெருவுக்கு மொழிபெயர்ப்பாளர். இரண்டுக்கும் வாசகர்கள் திருப்திப்படுவதில்லை.

கிளினிக்கில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண் டொக்டர். நரைத்த முடி, பெரிய கண்ணாடி, அவசரமில்லாத பேச்சு. எங்களை உட்கார வைத்துவிட்டு முதல் கேள்வியைக் கேட்டார். அதேதான்.

நான் தமிழில் சொன்னேன். "அக்கா, நீங்கள் சிகரெட் பத்துறனீங்களோ எண்டு கேக்கிறா."

அக்கா என்னைத்தான் பார்த்தார், டொக்டரை அல்ல.

"நீயுமோ பிள்ளை இதைக் கேக்கிறாய்?"

"நான் கேக்கேல்லை அக்கா. அவ கேக்கிறா."

"என்னைப் பாத்தால் அவவுக்கு அப்பிடியோ தெரியுது? நல்லாய்க் கேட்டுச் சொல்லு."

நான் டொக்டரிடம் 'நோ' என்று மட்டும் சொன்னேன். மொழிபெயர்ப்பில் சுருக்கமும் ஒரு தர்மம்தான்.

அடுத்தது, வீட்டுக்குள் வேறு யாராவது புகைப்பது உண்டா?

கேள்வியை நான் தமிழில் முடிக்கவில்லை. அதற்குள் பதில் வந்துவிட்டது.

"இல்லை. ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லு."

பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார் நடராசா அண்ணை. அவருடைய சட்டைப் பையில் சிகரெட் பெட்டி சதுரமாகப் புடைத்துக்கொண்டு நின்றது. கோட்டிலிருந்து வந்த வாசனை அந்த அறை முழுவதும் சாட்சி சொல்லியது. நான் என்ன செய்வது? சொல்வதை அப்படியே சொல்வதுதான் என் வேலை. "இல்லை என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டர் பேனாவை எடுக்கவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. காத்திருந்தார்.

அண்ணை கதிரையில் முன்னுக்கு நகர்ந்தார். ஆஸ்பத்திரி இங்கிலீஷ் வராது என்றவர் நேராக டொக்டரிடமே இங்கிலீஷில் சொன்னார்.

"நான்தான், டொக்டர். வீட்டுக்குள்ளேதான். கல்யாணம் முடித்த நாளிலிருந்து."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "என்னத்துக்கு இப்ப இதைச் சொல்லுறியள்…" என்று முணுமுணுத்தார். ஏதோ பொலிஸில் கணவர் தானாகப் போய் அகப்பட்டுக்கொண்ட மாதிரி.

ஏன் வெளியே போய்ப் புகைப்பதில்லை என்று டொக்டர் கேட்டார். அண்ணை உண்மையைச் சொன்னார். வேலை செய்வது பெட்ரோல் ஸ்டேஷன். அங்கே தீக்குச்சியை எடுத்தாலே வேலை போய்விடும். ஷிப்ட் முழுக்க அடக்கி வைத்திருப்பது எல்லாம் வீட்டுக்கு வந்துதான். குளிருக்கு வீட்டு யன்னல்கள் எல்லாம் பூட்டு.

டொக்டர் சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல. பிறகு ஒரு சொல் சொன்னார். தானே புகைக்காமல், பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதற்கான ஆங்கிலச் சொல். அதற்குத் தமிழ் எனக்குச் சட்டென்று வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சும்மா இருந்து புகை பிடிக்கிறது, அக்கா."

"சும்மா இருந்தாலும் நோய் வருத்தம் வருமோ?" என்றார் அக்கா. "அப்ப மனிசர் என்னதான் செய்யிறது?"

இதற்குப் பிறகுதான் எனக்கு ஆச்சரியம். அந்த டொக்டர் மருந்து எழுதப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ ஒரு வெள்ளைத் தாளில் அடுப்புப் படம் போட்டார். மூன்று கல், நடுவில் நெருப்பு, மேலே பானை. முன்பு நேபாளத்து மலைப்பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருடங்கள் வேலை செய்தவராம். சிகரெட்டையே தொடாத பெண்கள், சுருட்டுக் குடித்த ஆண்களைப் போல மூச்சு வாங்கிக்கொண்டு வந்ததை அங்கே பார்த்தாராம். எல்லாரும் குசினியில் அடுப்பூதிச் சமைத்தவர்கள்.

"உங்கள் ஊரில் எதை எரித்துச் சமைத்தீர்கள்?"

"பனைமட்டை. தேங்காய்ப் பொச்சு. பனங்கொட்டை ஊமல். மழைக்காலத்திலை ஈர விறகு," என்றார் அக்கா. அவருக்குக் கேள்வியே பிடிபடவில்லை. "இவ ஏன் என்ரை அடுப்பை விசாரிக்கிறா?"

"புகை வெளியே போக வழி இருந்ததா?"

"கதவுதான். அதையும் நாய் வரும் எண்டு சாத்தி வைக்கிறது."

சின்ன வயதில் நெஞ்சு வருத்தம் ஏதாவது வந்ததா? வந்திருக்கிறது. குக்கல் – குழந்தைகள் மூச்சுத் திணறி இருமுகிற அந்த வியாதி. பிழைப்பாரோ என்று வீட்டில் பயந்தார்களாம். இப்போது என்ன வேலை? தலையணைக்குப் பஞ்சு அடைக்கிற பகுதி. முகத்தில் துணி கட்டுவது உண்டா? கட்டினால் வேர்க்கும், கட்டுவதில்லை. குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த இளைப்பு இருந்ததா? சிலருக்கு இது பிறப்போடு வருமாம். அப்படி ஒருவரும் இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி. நிற்காமல் எவ்வளவு தூரம் நடப்பீர்கள்?

அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"நகைக்கடை வரைக்கும்."

நான் மொழிபெயர்க்கவில்லை. என்னால் முடியவில்லை. நடராசா அண்ணை மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"அப்ப… நீர் நகை பாக்கேல்லையோ?"

"எனக்கு என்னத்துக்கு நகை? றோட்டு நடுவிலை நிண்டு மூச்சு வாங்கினால் ஆக்கள் பாப்பினம். கண்ணாடிக்கு முன்னாலை நிண்டால் ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

அண்ணை அக்காவின் மடியில் கிடந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தமோ, எனக்குத் தெரியாது. ஆனால் என் கண் கலங்கிவிட்டது.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி இல்ஃபோர்ட் வாசகிக்கு ஒரு வார்த்தை. அந்தக் கேள்வி உங்கள் அம்மாவின் ஒழுக்கத்தைப் பற்றியது அல்ல. இந்த வியாதி யாரைத் தேடிப் போகும் என்று பார்த்தால் வரிசையில் முன்னுக்கு நிற்பது சிகரெட்தான். அதனால்தான் அதை முதலில் கேட்கிறார்கள். பின்னால் நிற்கிறவையும் உண்டு: அடுப்புப் புகை, வேலைத்தலத் தூசு, வீட்டிலே பிறர் விடும் புகை, சிறு வயதில் அடிபட்ட நெஞ்சு. நீங்கள் எழுந்து வந்துவிட்டால் இரண்டாவது கேள்வியை யார் கேட்பது? தயவுசெய்து அம்மாவைத் திரும்பக் கூட்டிப் போங்கள்.

சரி. கிளினிக்குக்கு வருவோம்.

பக்கத்து அறையில் ஒரு நர்ஸ் ஊதுகிற மெஷினோடு இருந்தார். ஒரு குழாய். மூக்கை இடுக்கியால் மூடிவிட்டு, நெஞ்சு நிறைய இழுத்து, உள்ளே ஒரு சொட்டுக் காற்றும் மிஞ்சாமல் ஊதவேண்டும்.

"அடுப்பு ஊதின ஆளுக்கு இதென்ன பெரிய வேலை," என்றார் அக்கா.

நர்ஸ் ஆங்கிலத்திலும் நான் தமிழிலுமாகக் கத்தினோம். ஊதுங்கோ… ஊதுங்கோ… இன்னும்… இன்னும்… அக்காவின் முகம் சிவந்தது. மெஷினின் கோடு கொஞ்சத் தூரம் ஏறிவிட்டுப் படுத்துக்கொண்டது. மருந்தை இழுக்கச் செய்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். கோடு சற்று எழும்பியது. சற்றுத்தான்.

அப்போது டொக்டரின் பார்வை நடராசா அண்ணை மேல் விழுந்தது. வந்ததுதான் வந்தீர்கள், நீங்களும் ஒரு தரம் ஊதுங்களேன் என்றார்.

அண்ணை கோட்டைக் கழற்றிவிட்டு ஆம்பிளைத்தனமாக ஊதினார். எங்களுக்கெல்லாம் நல்ல ஊதலாகத்தான் தெரிந்தது. டொக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

அவர் சொன்னதை என்னால் முடிந்த தமிழில் சொன்னேன். இது வெறும் ஆஸ்துமா அல்ல. மூச்சுக் குழாய்கள் வருடக் கணக்காகப் புகையும் தூசும் பட்டுச் சுருங்கிவிட்டன. இதைச் செய்தது ஒரு பொருள் என்று விரலை நீட்ட முடியாது. எல்லாம் சேர்ந்து செய்த வேலை. போனதைத் திருப்பித் தர மருந்து இல்லை. ஆனால் மிச்சம் நிறைய இருக்கிறது. அதைக் காப்பாற்றலாம். இன்ஹேலர் இளைப்பைக் குறைக்கும். குளிருக்கு முன் ஃப்ளூ ஊசி. தினமும் நடை. எல்லாவற்றுக்கும் மேலாக, புகை படாமல் இருக்கவேண்டும்.

அக்கா தலையை ஆட்டினார். "எனக்கு அம்பது தாண்டியிட்டுது. பரவாயில்லை," என்றார்.

"உங்கள் கணவருக்கும் இதே பாதைதான்," என்றார் டொக்டர். "அவர் இப்போதுதான் காலை வைத்திருக்கிறார். இன்றைக்கு நிறுத்தினால் அந்த இடத்திலேயே நிற்கலாம்."

நான் சொல்லி முடித்தபோது அக்காவின் முகம் மாறிப்போயிருந்தது. தன்னுடைய தாளைப் பார்த்துக் கலங்காதவர், அவருடைய தாளை எடுத்து, புரியாத அந்தக் கோட்டையே பார்த்தார். கண்ணீர் வழிந்தது.

"எனக்கெண்டால் எப்பிடியும் சமாளிப்பன். இவருக்குமோ?"

பஸ்ஸில் வரும்போது கணவன் மனைவி முன் சீட்டில், நான் பின்னால். அக்கா சொன்னது கேட்டது. "இனி வீட்டுக்குள்ளை உந்தப் பெட்டி வரக்கூடாது." அண்ணை சொன்னதும் கேட்டது. "உமக்காக விடுறன்." "எனக்காக வேண்டாம். உங்களுக்காக விடுங்கோ." "எனக்காகவெண்டால் விடமாட்டனப்பா. உமக்காகத்தான் ஏலும்."

நம்மவர்களை எனக்கு இதனால்தான் பிடிக்கும், இதனால்தான் கோபமும் வரும். நம் உடம்புக்காக நாமே எதையாவது செய்திருக்கிறோமா? டொக்டரிடம் போவதென்றால்கூட யாராவது இழுத்துக்கொண்டு போகவேண்டும்.

விடுவது என்ன, சொல்கிற மாதிரி இலேசா? ஹை ஸ்ட்ரீட்டில் மருந்துக்கடை வைத்திருக்கும் மதுரைக்காரர் சிகரெட் ஆசையை அடக்குகிற நிகோட்டின் பிளாஸ்டர் கொடுத்தார்.

"தினம் ஒண்ணு தோள்ல ஒட்டிக்கோங்க சார். ஆனா இதை ஒட்டிக்கிட்டு சிகரெட்டும் பிடிச்சீங்கன்னா நெஞ்சு படபடன்னு அடிக்கும், ஆமா."

அண்ணை ஒட்டினார். வீட்டில் எரிந்து விழுந்தார். சூயிங் கம் மென்றார். கொத்தமல்லி மென்றார். என் கணவரிடம் வந்து டிவி நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் திட்டினார். பிளாஸ்டர் ஒட்டாத ஒரு நாள் வந்தது. பிறகு இன்னொரு நாள்…

அது தை மாதத்து ஒரு சனிக்கிழமை காலை. வெளியில் பனி கொட்டிக் கிடந்தது. குசினி யன்னலால் பார்க்கிறேன், பக்கத்து வீட்டுப் பின் வளவில் பவளம் அக்கா. கோட்டு, தொப்பி, கழுத்துச் சால்வை எல்லாம் போட்டு, சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றைப் பனியின் நடுவில் வைத்து, அதில் நேராக உட்கார்ந்திருக்கிறார்.

பயந்துபோய் யன்னலைத் திறந்தேன். "என்னக்கா இது?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. அவர் உள்ளை பத்துறார். நான் வெளியிலை இருக்கிறன்."

"குளிருக்குள்ளையோ? உங்களுக்கு இது கூடாதெல்லோ."

"குளிரும் கூடாதாம், புகையும் கூடாதாம். எது கூடக் கூடாது எண்டு நான் கண்டனோ?"

சத்தம் கேட்டு அண்ணை பின் கதவைத் திறந்தார். கையில் பாதி சிகரெட். அவர் வாசல்படியில், அக்கா பனியில். அக்கா கோபித்த மாதிரியே இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"நீங்கள் போய் ஆறுதலாய் முடிச்சுப்போட்டு வாங்கோ. நான் இருக்கிறன்."

அண்ணை கையிலிருந்ததைப் பனியில் போட்டார். சட்டைப் பையிலிருந்த பெட்டியை எடுத்து, குப்பைத் தொட்டியைத் திறந்து, உள்ளே எறிந்தார். பிறகு செருப்பில்லாத காலோடு பனியில் நடந்து வந்து மனைவியின் கையைப் பிடித்தார்.

"எழும்பும். உள்ளை வாரும்."

"உள்ளை புகை."

"யன்னலெல்லாத்தையும் திறக்கிறன். வாரும்."

திறக்க முடியவில்லை என்பது வேறு கதை. வீட்டுச் சொந்தக்காரன் எப்போதோ பெயின்ட் அடித்தபோது யன்னலும் சட்டமும் ஒட்டிப்போய் இருந்தன. என் கணவர் ஒரு கத்தியோடு போய் பெயின்டைக் கீறி, இரண்டு பேருமாகத் தள்ளித் திறந்தார்கள். அந்த வீட்டுக் குசினி அன்றைக்குத்தான் ஈஸ்ட் ஹாம் காற்றைக் கண்டது.

அன்றோடு முடிந்ததா? இல்லை. இன்னொரு தரம் ஒரு சிகரெட்டில் தடுக்கி விழுந்தார் என்று கேள்வி. ஆனால் இந்த முறை அவரே சொல்லிவிட்டு மறுநாள் பிளாஸ்டர் ஒட்டினார். சித்திரை பிறக்கும்போது பிளாஸ்டருக்காக மதுரைக்காரரிடம் போவதும் நின்றுவிட்டது.

அக்கா தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. ஃபக்டரியில் மேற்பார்வை பார்க்கிற ஐரிஷ் பெண்மணியிடம் என்னைக் கூட்டாமல் தானே போனார். தெரிந்த இங்கிலீஷ் சொற்கள் மூன்று நான்கு. நெஞ்சைத் தொட்டு ஒரு சொல், பஞ்சைக் காட்டி ஒரு சொல், பெட்டி கட்டும் பகுதியைக் காட்டி ஒரு 'பிளீஸ்'. அந்தப் பெண்மணி பதில் சொல்லத் தொடங்கி, இருமத் தொடங்கி, இருமல் முடிய நேரமாயிற்றாம்.

"அவவும் எங்கடை ஆள்தான் பிள்ளை," என்றார் அக்கா என்னிடம். "எனக்கு உடனை விளங்கியிட்டுது. அவவுக்கும் விளங்கியிட்டுது."

அடுத்த திங்களிலிருந்து அக்கா பெட்டி கட்டுகிறார். அந்த ஐரிஷ் பெண்மணியும் ஊதுகிற மெஷினுக்கு நாள் வாங்கிவிட்டாராம். பஞ்சு அடைக்கிற பகுதியில் இப்போது எல்லாருக்கும் முகமூடி.

இந்த இலையுதிர் காலத்தில் மறுபடி கிளினிக். மறுபடி அதே டொக்டர், அதே குழாய். இந்தத் தரம் ஊதச் சொல்லிக் கத்தியது நானல்ல, நடராசா அண்ணை. நர்ஸே அவரைக் கொஞ்சம் அடங்கச் சொன்னார்.

டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு, போன தடவை இருந்த அதே இடம் என்றார்.

நான் சொன்னேன். அக்காவின் முகம் வாடிவிட்டது. "இவ்வளவு பாடுபட்டும் கூடேல்லையோ?"

டொக்டருக்கு அந்த முகத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. இந்த வியாதியில் கோடு எல்லாருக்கும் கீழேதான் இறங்கும், உங்களுடையது இறங்காமல் நிற்கிறது, அதுதான் பெரிய பாஸ் என்றார். எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று கேட்டார்.

"நகைக்கடையெல்லாம் தாண்டி றெயில் ஸ்டேஷன்வரை நடக்கிறன்," என்றார் அக்கா. "இடையிலை ஒருக்கால் நிப்பன். அது இவருக்காக. இவருக்கு இப்ப சிகரெட்டுக்குப் பதிலாய் வடை."

அண்ணையின் கோடு? டொக்டர் சொன்னபடியே, காலை வைத்த இடத்திலேயே நிற்கிறது. வயிறுதான் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது.

வீட்டில் யாருக்காவது குளிர்காலம் தோறும் இருமலும் சளியும் வந்தால், படியேறினால் மூச்சு வாங்கினால், 'லண்டன் குளிர்' என்று பெயர் வைத்துவிடாதீர்கள். போய் ஒரு தரம் ஊதிப் பாருங்கள். புகைப்பவராக இருந்தாலும் சரி, புகைப்பவரின் பக்கத்தில் சும்மா இருப்பவராக இருந்தாலும் சரி.

மூச்சு அவரவருடையது. காற்று மட்டும்தான் குடும்பச் சொத்து.